பதிலுக்குக் காத்திருந்த முற்றம்

கறுப்புப் பலகை, செம்மஞ்சள் எழுத்து. ‘வாடகைக்கு’ என்று பிரெஞ்சில் பொறித்த அந்தப் பலகையை அப்பா அடிக்கடி வினாகிரி தொட்ட துணியால் துடைப்பார். மொன்றியலின் கோட்-டெ-நெய்ஜில் மூன்று மாடிச் செங்கல் கட்டடம் ஒன்றுக்கு அவர் கொன்சியேர்ஜ். ஒழுகும் குழாயைப் பார்ப்பது, படிக்கட்டில் பனி வழிப்பது, குப்பையை வெளியே வைப்பது, வீடு தேடி வருபவர்களுக்குக் காலி வீட்டைத் திறந்து காட்டுவது எல்லாம் அவர் பொறுப்பு. அதற்காகத் தரைமட்டத்துக்குச் சற்றுக் கீழே இறங்கிய வீடு ஒன்றை உரிமையாளர் எங்களுக்கு விட்டுத் தந்திருந்தார். முன்னறை யன்னலால் பார்த்தால் தெருவில் போகிறவர்களின் கால்கள்தான் தெரியும். யன்னலில் ஒரு பக்கம் எண்ணெய்த் தகரத்தில் நட்ட கறிவேப்பிலைக் கன்று, மறுபக்கம் அந்தப் பலகை. கன்றுக்கு வெளிச்சம் மறைக்கக் கூடாது என்று பலகையைக் கொஞ்சம் சாய்த்தே தொங்கவிடுவார்.

சிலர் வந்து மணியடித்தால் பலகை கீழே இறங்கிவிடும். அப்பா அதைக் கழற்றி சோபாவுக்குப் பின்னால் செருகிவிட்டுத்தான் கதவைத் திறப்பார். “தெஸொலே, தெஸொலே” என்று கைகூப்பி மன்னிப்புக் கேட்பார். அவர்கள் போய் இரண்டொரு நாள் கழிந்ததும் பலகை மறுபடி யன்னலில் ஏறும். அந்தச் சிலர் யார் என்று நான் அவரைக் கேட்டதில்லை. கேட்காமலே எனக்குத் தெரிந்திருந்தது. அம்மா ஊரிலேயே போய்ச் சேர்ந்துவிட்டார். வீட்டில் நாங்கள் இரண்டே பேர். அப்பாவின் உத்தியோகத்தில் தலையிடுவது மரியாதை இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். மரியாதை என்ற சொல்லை எதற்கெல்லாம் போர்வையாகப் போர்த்தலாம் என்று நான் பழகிக்கொண்டது அந்த வீட்டில்தான்.

அப்பா மட்டக்களப்புக் கச்சேரியில் அரசாங்க எழுதுவினைஞராக இருந்தவர். ஆனால் ஊர் அவரை அறிந்தது உத்தியோகத்தால் அல்ல, பட்டிமன்றத்தால். கோயில் திருவிழாவோ, பள்ளிக்கூட விழாவோ, எந்த அணியில் அப்பா இருக்கிறாரோ அந்த அணிதான் வெல்லும் என்று ஆட்கள் முன்வரிசையில் பாய் போட்டு இடம் பிடிப்பார்கள். தலைப்பு எதுவானாலும் அவருக்கு ஒன்றுதான். சென்ற வருடம் பேசியதை இந்த வருடம் மறுத்துப் பேசி அதிலும் கைதட்டு வாங்குவார். எதிரணிக்காரரை வாய் திறக்க விடாமல் செய்துவிட்டு, இறங்கி வந்து அவருடைய தோளில் கைபோட்டுத் தேநீர் குடிக்கப் போவார். மொன்றியலுக்கு வந்தபின் அவருக்கு மேடை இல்லை. பிரெஞ்சில் அவருக்கு வாய்த்தது ஒரு முப்பது சொல். அதில் பாதி குழாய் சம்பந்தப்பட்டது.

நான் அப்போது பக்கத்து மருத்துவமனை ஒன்றின் சமையற்கூடத்தில் வேலை செய்தேன். இரண்டாயிரத்தின் ஆரம்ப ஆண்டுகள். நோயாளிகளுக்கான சாப்பாட்டுத் தட்டுகள் ஒரு பட்டியில் நகர்ந்து வரும். ஒவ்வொருவரும் ஒவ்வொன்றை வைக்க வேண்டும். எனக்கு வாய்த்தது பெரும்பாலும் ஜெலியும் ரொட்டியும். எங்கள் வரிசையின் மேற்பார்வையாளரை எல்லோரும் மதாம் என்போம். ஹெயிட்டியிலிருந்து சின்ன வயதில் வந்தவர், என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். பொறுமையின் வடிவம் என்று நினைத்துவிட வேண்டாம். சூப் சிந்தினால் அந்தச் சூப்பைவிடச் சூடாக ஏசுவார். அந்த மதாம்தான் மொன்றியலில் இருந்த கறுப்பின மக்கள் எழுதிப் பேசிக்கொள்ளும் ஓர் இணையக் களத்தை நடத்திவந்தார். அதற்கு அவர் வைத்திருந்த பெயருக்கு அவர்களுடைய மொழியில் முற்றம் என்று அர்த்தமாம், பல வீடுகள் சேர்ந்து புழங்குகிற முற்றம். நானும் மனதுக்குள் அதை அப்படியே அழைத்துவந்தேன்.

எங்களில் பலரிடம் கணினி இல்லை. அதனால் மதாம் முதல்நாள் முற்றத்தில் நடந்த பேச்சைக் கடதாசியில் அச்செடுத்துக்கொண்டு வருவார். நோயாளிகளின் தட்டெல்லாம் மேலே போனபிறகு நாங்கள் சாப்பிட உட்காரும்போது வாசிப்பார். யார் என்ன சொன்னாலும் கடதாசி ஓரத்தில் குறித்துக்கொண்டு போய், மாலையில் அவரவர் சொன்னபடியே தட்டச்சு செய்து முற்றத்தில் போடுவார். சூப் சமைக்கிற அம்மா யமேக்காவில் பிறந்தவர். பாத்திரம் கழுவுகிற பெரியவர் ஹெயிட்டிக்காரர். கணினிப் பெட்டி ஒன்றைத் தொட்டும் பார்க்காத இந்த இரண்டு பேருக்கும் முற்றத்தில் பெரிய பெயர். மேசையில் கறுப்பர் அல்லாதவள் நான் ஒருத்திதான். “நீ கேட்டுக்கொண்டிரு, கதவு திறந்துதான் இருக்கிறது” என்று மதாம் முதல் நாளே சொல்லிவிட்டார்.

அங்கே ஒரு வழக்கம் இருந்தது. ஒருவர் சொன்னதை நீங்கள் மறுக்க வேண்டுமா, முதலில் அவர் சொன்னதை உங்கள் வாயால் திருப்பிச் சொல்ல வேண்டும். அவர் ‘ஓம், அதுதான் நான் சொன்னது’ என்று ஒப்புக்கொண்டபிறகுதான் நீங்கள் மறுக்கலாம். இந்த விதி மதாமுக்கு ஞானத்தால் வந்ததல்ல. தலைமுடி விசயத்தில் முற்றத்தில் ஒருமுறை அவரே நிதானம் இழந்து ஒரு பெண்ணைக் கண்டபடி எழுதிவிட்டாராம். புனைபெயருக்குள் இருந்தது அவருடைய ஒன்றுவிட்ட சகோதரி. அடுத்த கிழமை ஒரு ஞானஸ்நானத்தில் இரண்டு பேரும் ஒரே வாங்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டு இருக்க வேண்டி வந்திருக்கிறது. அதன்பிறகு போட்ட சட்டம் இது.

சட்டம் வேலை செய்வதை நான் முதலில் பார்த்ததும் தலைமுடியில்தான். வங்கி வேலை ஒன்றின் நேர்முகத்துக்குப் போகிற பெண் ஒருத்தி, சுருள்முடியை நேராக்கிக்கொண்டு போவதா இப்படியே போவதா என்று கேட்டிருந்தாள். நேராக்கு, வேலையை எடு, பிறகு உன் இஷ்டம் என்றார் சூப் அம்மா. பெரியவருக்கு அது பிடிக்கவில்லை. அவர் மறுக்க வேண்டுமென்றால் திருப்பிச் சொல்ல வேண்டுமே. வெட்கப்படு என்கிறாய் என்று தொடங்கினார். நான் அப்படிச் சொல்லவில்லை என்றார் சூப் அம்மா. வெள்ளைக்காரரைப் போல வேடம் போடு என்கிறாய் என்றார், அதுவுமில்லை. கடைசியில், முதலில் பிள்ளையின் வயிறு, பிறகு தலை என்கிறாய் என்றார். ஓம், அதுதான் என்றார் சூப் அம்மா. அதற்குள் பெரியவருக்குத் தன்னுடைய மறுப்பு மறந்துபோயிருந்தது. மேசையே குலுங்கச் சிரித்தோம். ஆனாலும் அடுத்த நாள் அவர் மறக்காமல் வந்து மறுத்தார். முடியோடு சேர்த்து எடுக்காத வேலை, முடி வளர வளரப் போய்விடும் என்பது அவர் கட்சி. அவர்கள் இருவரும் கடைசிவரை ஒத்துப்போகவில்லை.

அதே நாட்களில் எங்கள் ஆட்களின் இணையக் களங்களையும் நான் மேய்ந்துகொண்டுதான் இருந்தேன். அங்கே மூன்றாவது பதிலில் துரோகி வந்துவிடுவான், ஐந்தாவதில் யாருடையதோ தாய் வந்துவிடுவார். ஊர் பெயர், சாதி எல்லாம் வரிசையில் நிற்கும். அதை வாசித்துவிட்டு அடுத்த நாள் மதாமின் மேசையில் உட்கார எனக்குக் கூச்சமாக இருக்கும். ஒருமுறை மதாம், உங்கள் ஆட்களுக்கும் இப்படி ஓர் இடம் இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது, ஆனால் இப்படி இல்லை என்று சொல்லிவிட்டு எழுந்துபோய்க் கோப்பையைக் கழுவினேன்.

சித்திரை மாதம் இருக்கும். இந்த நகரத்தில் யூலை முதலாம் திகதிதான் எல்லோரும் வீடு மாறுகிற நாள்; அதற்குச் சில மாதம் முன்பிருந்தே ஆட்கள் பலகை பார்த்துத் தெருத்தெருவாக நடப்பார்கள். முற்றத்தில் அன்று எழுதியிருந்தவர் காப்புறுதி அலுவலகம் ஒன்றில் வேலை செய்பவர். அவருடைய மனைவிக்குப் பிள்ளை பிறக்க இருந்தது. கோட்-டெ-நெய்ஜில் பலகை தொங்கிய ஒரு கட்டடத்தில் மணியடித்தார்களாம். கதவைத் திறந்த மனிதர் இப்போதுதான் வீடு போய்விட்டது என்று கைகூப்பி மன்னிப்புக் கேட்டாராம். மூன்றாம் நாள் பேருந்தில் போகும்போது பார்த்தால் பலகை அதே இடத்தில் தொங்குகிறது. மதாம் ஒரே சீராக வாசித்துக்கொண்டு போனார். விலாசம் எழுதப்படவில்லை, பேசப்படுகிற ஆளை அழைத்துப் பதில் கேட்கும்வரை பெயரும் விலாசமும் எழுதக் கூடாது என்பது முற்றத்தின் இன்னொரு சட்டம். ஆனால் அந்த மனிதர் கூர்ந்து பார்க்கிறவர். பலகை சாய்ந்து தொங்கியது, பக்கத்தில் எண்ணெய்த் தகரம் ஒன்றில் பொடி இலைகளோடு ஒரு சின்ன மரம் நின்றது என்று எழுதியிருந்தார்.

நான் தட்டைத் தள்ளிவைத்தேன். மேசையில் வாதம் தொடங்கிவிட்டது. விலாசத்தைப் போடுங்கள், உரிமையாளரின் காதுக்கு எட்டட்டும், அந்த ஆள் வேலையை விட்டுப் போகட்டும் என்றார் சூப் அம்மா. பெரியவர் அவர் சொன்னதை ஒழுங்காகத் திருப்பிச் சொல்லி, ஓம் என்று வாங்கிக்கொண்டபின் மறுத்தார். அந்த மனிதனும் எங்கிருந்தோ ஒரு பையோடு வந்தவனாகத்தான் இருப்பான், மேலேயிருக்கிறவன் சொன்னதைச் செய்திருப்பான், கூலிக்காரனின் தலையில் எல்லாவற்றையும் போடாதே என்றார். அவர் அப்பாவுக்காகப் பேசப் பேச எனக்கு உடம்பெல்லாம் கூசியது. உரிமையாளர் அப்படி எதுவும் சொன்னதில்லை. அவர் ஒரு கிரேக்கக் கிழவர். வாடகை வந்தால் போதும், யார் இருந்தாலும் அவருக்கு ஒன்றுதான். அந்தப் பெரியவர் தன் நல்ல மனதை வீணாக ஒரு பொய்க்கு முண்டாகக் கொடுத்துக்கொண்டிருந்தார். அதைப் பார்த்துக்கொண்டு இருக்க முடியவில்லை.

“அது என் அப்பா” என்றேன்.

ஒருவரும் ஏசவில்லை. பெரியவர் தன் கரண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். சூப் அம்மா மட்டும், வீடு இன்னும் காலியாக இருக்கிறதா என்று கேட்டார். ஓம் என்றேன். மதாம் கடதாசியை மடித்தார். எங்கள் வீட்டுக்கு அவர் ஒருமுறை வந்திருக்கிறார், பனிப்புயல் நாளொன்றில் என்னைக் காரில் கொண்டுவந்து விட. அந்தத் தகர மரத்தை அவருக்கும் தெரிந்திருக்கும் என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது. அவர் சொன்னது இவ்வளவுதான்: “உன் அப்பாவை முற்றத்துக்கு அழைக்கிறேன். அவர் சொல்வதை அவர் சொல்லட்டும்.”

வீட்டுக்குப் போய் அப்பாவிடம் சொன்னேன். முதலில் கோபப்பட்டார். யார் என்னைப் பற்றி எழுதுவது, வாடகைக்கு விடுவதும் விடாததும் என் பொறுப்பு என்றார். நான் தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

“வீடு இன்னும் கிடக்குத்தானே அப்பா. அந்த ஆக்களுக்கே குடுத்திரலாமே.”

“இப்ப குடுத்தா, அண்டைக்கு நான் பொய் சொன்னனெண்டு ஆகிரும் புள்ள.”

அந்த ஒரு வசனத்தோடு வீட்டுக் கதை முடிந்துவிட்டது. ஆனால் அழைப்பை அவர் விடவில்லை. எத்தனை பேர் வாசிப்பார்கள் என்று கேட்டார். சில நூறு பேர் இருக்கலாம் என்றேன். எதிர்த்தரப்பு பேசி முடித்துவிட்டதா, நமக்கு எவ்வளவு நேரம் தருகிறார்கள் என்றார். எனக்குப் புரிய ஒரு கணம் பிடித்தது. அவர் அதைப் பட்டிமன்றம் என்று நினைத்துவிட்டார். இத்தனை வருடத்துக்குப் பிறகு யாரோ அவருக்கு ஒரு மேடை தந்திருக்கிறார்கள். அடுத்த சில நாட்கள் குழாய் ஒழுகுகிறது என்று வந்தவர்களைக்கூட அவர் சிரித்த முகத்தோடு வரவேற்றார். குளியலறைக்குள் தனக்குத்தானே பேசிப் பார்ப்பது கேட்டது.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் சேட்டு மாற்றிக்கொண்டு வந்து கணினிக்குப் பக்கத்தில் நின்றார். உட்காரச் சொன்னேன், மாட்டேன் என்றுவிட்டார். அவையோர்க்கு வணக்கம் சொல்லித் தொடங்கினார். நான் பிரெஞ்சில் தட்டிக்கொண்டு போனேன். குண்டுச் சத்தம் கேட்டு ஓடியவன் நான் என்றார். ஆகாயத்தில் விமானம் போனால் இன்றைக்கும் மேசைக்கடியில் காலை இழுத்துக்கொள்கிறவன் என்றார். அது உண்மை. சத்தமில்லாத ஒரு கூரையைத் தேடித்தான் இவ்வளவு தூரம் வந்தேன், அந்தக் கூரையின் கீழ் தனித்துப்போன முதிய பெண்கள் இருக்கிறார்கள், அவர்கள் தூக்கத்துக்கு நான் காவல் என்றார். பிறகு நகைச்சுவைக்குத் திரும்பினார். நிறம் பார்த்தேன் என்கிறீர்களே, என் நிறத்தைப் பார்த்தீர்களா, கண்ணாடி முன்னால் நின்று வீடு கேட்டால் எனக்கு நானே வீடு தரமாட்டேன் என்றார்.

நான் சிரித்தேன். தட்டுவதை நிறுத்திவிட்டு வாய்விட்டுச் சிரித்தேன். அவர் இடைவெளி விட்டு நின்றார், முன்வரிசை கைதட்டி ஓய்வதற்கு விடுகிற அதே இடைவெளி. அம்மா செத்தபிறகு அப்பாவை நான் அவ்வளவு அழகாகப் பார்த்ததில்லை. அந்தப் பகிடிக்குப் பிரெஞ்சில் சரியான சொல் கிடைக்கும்வரை அகராதியைப் புரட்டினேன். நல்ல மொழிபெயர்ப்பு என்று பெருமையாகவும் இருந்தது. இன்றைக்கு அந்தப் பிற்பகலை நினைத்தால் எனக்குக் காது சூடாகிறது. அவர் பேசியதற்காக அல்ல, நான் இரசித்ததற்காக.

திங்கட்கிழமை மதாம் அதை வாசித்தார். என் பிரெஞ்சு அவருடைய வாயில் நன்றாகவே ஒலித்தது. விமானம் வந்த இடத்தில் பெரியவர் தலையசைத்தார். அவருக்கும் அப்படி ஏதோ இருந்திருக்க வேண்டும். கண்ணாடிப் பகிடி வந்தது. நான் முந்திக்கொண்டு மேசையில் இருந்தவர்களின் முகங்களைப் பார்த்தேன். ஒருவரும் சிரிக்கவில்லை, ஒருவரும் கோபப்படவும் இல்லை. மதாம் சற்று நிறுத்திவிட்டுத் தொடர்ந்து வாசித்தார். அன்று எனக்குப் பசிக்கவில்லை. ரொட்டியைக் கைக்குள் வைத்து உருட்டிக்கொண்டிருந்தேன்.

மாலையில் வேலை முடிந்து வந்ததும் வராததுமாக அப்பா கேட்டார், “கைதட்டினவங்களா?”

பதில் வந்திருக்கிறதா என்று பார்க்கிறேன் என்று கணினியைத் திறந்தேன். வந்திருந்தது. அந்தக் காப்புறுதி அலுவலகக்காரர் முற்றத்தின் சட்டப்படி எழுதியிருந்தார். அப்பா மறுபடி நின்றுகொண்டார். நான் தமிழில் சொல்லிக்கொண்டு போனேன். “ஐயா, நேரம் ஒதுக்கி எழுதியதற்கு நன்றி. நீங்கள் பட்டது எனக்கு வருத்தமாக இருக்கிறது. உங்களை மறுப்பதற்கு முன் நீங்கள் சொன்னதைச் சரியாக விளங்கிக்கொண்டேனா என்று பார்க்கிறேன். சத்தம் உங்களை இன்னும் பயமுறுத்துகிறது. கட்டடத்தில் முதியவர்கள் இருக்கிறார்கள். எங்கள் முகத்தைப் பார்த்ததும் நாங்கள் சத்தம் போடுகிறவர்கள் என்று தோன்றியது. நீங்களும் கறுப்பு நிறம் என்பதால் அதில் தவறில்லை என்கிறீர்கள். இது சரியா? ஒரு விசயத்தை மட்டும் திரும்பத் திரும்ப வாசித்தும் உங்கள் பதிலில் காணவில்லை, ஆகவே அதைத் திருப்பிச் சொல்ல முடியவில்லை. அன்றைக்கு வீடு காலியாக இருந்ததா?”

அப்பா என்னை மறுபடி வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். அவர் எழுதி வைத்திருந்த குறிப்புத்தாளை எடுத்துக் கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு மேலிருந்து கீழே பார்த்தார். அவ்வளவு நீளமான பேச்சில் உண்மையில் அது எங்கேயும் இல்லை. நானும் தட்டும்போது கவனித்திருக்கவில்லை. பிறகு அவர் மெல்ல உட்கார்ந்தார்.

“நான் இப்படிச் சொல்லல்லையே.”

“பிறகு என்ன சொன்னீங்க அப்பா?”

அவர் குறிப்புத்தாளை நாலாக மடித்தார். எழுதியவர் கேலி செய்திருந்தால் அப்பாவுக்கு நூறு பதில் இருந்திருக்கும். ஏசியிருந்தால் இன்னும் வசதி. தன்னுடைய பேச்சையே யாரோ தூசு தட்டி, மரியாதையோடு இரண்டு கையாலும் நீட்டினால் என்ன செய்வதென்று எந்தப் பட்டிமன்றமும் அவருக்குப் பழக்கியிருக்கவில்லை. எனக்கும்தான். நான் கணினியை அணைத்துவிட்டு உலையில் அரிசி போடப் போனேன்.

முற்றம் காத்திருந்தது. அப்பா ஓம் என்றோ இல்லை என்றோ சொல்லும்வரை அந்தப் பேச்சில் வேறு ஒருவரும் எழுதக் கூடாது என்று மதாம் பூட்டிவைத்தார். பதில் நிலுவையில் இருப்பதால் விலாசமும் போடப்படவில்லை. மாலைகளில் அப்பா, வேறு யாராவது ஏதாவது எழுதியிருக்கிறார்களா என்று கேட்பார். இல்லை அப்பா, உங்களுக்காகத்தான் இருக்கிறார்கள் என்பேன். பிறகு பிறகு கேட்பதையும் விட்டுவிட்டார். சித்திரை முடிந்து வைகாசியில், திருகோணமலையிலிருந்து வந்த ஒரு குடும்பத்துக்கு அந்த வீட்டை விட்டார். யாரோ சொல்லி யாரோ சொல்லி வந்தவர்கள். பலகை சோபாவுக்குப் பின்னால் போனது, இந்த முறை உண்மையாகவே.

மேசையில் அதை நான் சொன்னபோது சூப் அம்மா கொதித்துப்போனார். அவர் அன்றைக்குச் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. “எங்களுக்கு மரியாதை மிஞ்சியது, அவர்களுக்கு வீடு மிஞ்சியது.” மதாமைப் பார்த்துச் சொன்னார், என்னைப் பார்த்தல்ல. உன் சட்டம் யாரைக் காப்பாற்றியது என்று நீயே பார் என்றார். மதாம் அதைத் திருப்பிச் சொன்னார்: என் சட்டம் வீடு மறுத்தவரைக் காப்பாற்றி, வீடு கேட்டவரைத் தெருவில் விட்டது என்கிறாய். ஓம், அதுதான் என்றார் சூப் அம்மா. மறுக்க வேண்டிய முறை மதாமுடையது. அவர் மறுக்கவில்லை. கடதாசியை எடுத்துக்கொண்டு எழுந்துபோனார். அதன்பிறகு சில கிழமை சூப் அம்மா எங்களோடு சாப்பிடவில்லை, தன் அடுப்படியிலேயே நின்று சாப்பிட்டார். வீடு கேட்ட அந்த மனிதரும் மனைவியும் பியர்பொன்ட்ஸ் பக்கம் உறவினர் ஒருவரின் வீட்டுக் கீழ்த்தளத்தில் போய் ஒதுங்கினார்கள் என்றும், அவர் வேலைக்கு வருவதற்கே நெடுநேரம் பேருந்தில் கிடக்கிறார் என்றும் பெரியவர் சொல்லித் தெரிந்துகொண்டேன். அப்பாவுக்கு வேலை போகவில்லை. எங்கள் வீடும் போகவில்லை. அவர்களுடைய நாகரிகத்தின் நிழலில் நாங்கள் சௌகரியமாக இருந்தோம். அதற்கு நன்றி சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை, எப்படிச் சொல்வது?

வருடங்கள் போயின. எனக்குக் கல்யாணமாகி, நானும் கணவருமாகச் சேர்ந்து அதே நகரத்து அஹுன்ட்சிக்கில் இரண்டு தட்டு வீடொன்றை வாங்கினோம். கீழே நாங்கள், மேலே வாடகைக்கு. வேலையை விட்ட அப்பா எங்களோடு வந்து சேர்ந்தார், கையில் ஒரு தடியும் கறிவேப்பிலைத் தகரமுமாக. பலகையையும் கொண்டுவந்திருந்தார், கிரேக்கக் கிழவரிடம் கேட்டு வாங்கினாராம். இரண்டாயிரத்தில் தொடங்கிய அந்தப் பத்தாண்டு முடிகிற சமயம் மதாம் என்னை மருத்துவமனை நடைபாதையில் மறித்தார். ஆட்கள் எல்லாம் படம் போட்டு விரல் உயர்த்தும் புதிய தளங்களுக்குப் போய்விட்டார்கள், முற்றத்தில் யாருமில்லை, மாத முடிவோடு மூடப் போகிறேன் என்றார். அவருக்கும் வயது தெரிந்தது. உன் அப்பாவின் பக்கம் இன்னும் பூட்டியபடியே இருக்கிறது என்று மட்டும் சேர்த்துச் சொன்னார்.

அப்பாவிடம் சொன்னேன். கேட்காதவர் மாதிரித் தொலைக்காட்சியைப் பார்த்துக்கொண்டிருந்தார். சில நாள் கழித்து ஒரு பிற்பகல், நான் கணினிக்கு முன்னால் இருந்தபோது தடியை ஊன்றிக்கொண்டு வந்து பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்தார்.

“அந்த ஆள் இன்னும் பாத்துக்கொண்டா இரிக்கிறார்?”

தெரியாது என்றேன். பக்கத்தைத் திறந்தேன். கடைசி வரி அதேதான். அன்றைக்கு வீடு காலியாக இருந்ததா?

“காலியாத்தான் இருந்தது. அத மட்டும் எழுது. வேற ஒண்டும் போடாத.”

வணக்கம் கூடப் போடவில்லை. நான் அந்தப் பெரிய பேச்சை ஒரு பிற்பகலில் சிரித்துச் சிரித்து மொழிபெயர்த்தவள். இந்த இரண்டு சொல்லைத் தட்ட என்னால் முடியவில்லை. அப்பா காத்திருந்தார். ஒருவழியாக எழுதி அனுப்பினேன்.

இரண்டு நாளில் பதில் வந்தது. அந்த மனிதர் அந்தப் பக்கத்தை எப்போதாவது திறந்து பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். “நன்றி ஐயா. இப்போது விளங்கியது.” அவ்வளவுதான். சட்டப்படி இனி அவர் மறுக்கலாம், தன் பக்கத்தை எவ்வளவும் எழுதலாம். எழுதவில்லை. அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன்.

“அவ்வளவுதானா? ஏசல்லையா?”

“இல்ல அப்பா.”

“ஏசியிருக்கலாம்.”

மாத முடிவில் முற்றம் மூடப்பட்டது. அதைத் திறக்கப் பார்த்தால் ஒரு வெற்றுப் பக்கம்தான் வந்தது. அப்பா அதன்பிறகு இரண்டு மாரிகாலம் இருந்தார். அந்தப் பேச்சை நாங்கள் மறுபடி எடுத்ததில்லை. அவருடைய இறுதிக் கிரியைக்கு மதாம் வந்திருந்தார். ஊர்க்காரர் ஒருவர் எழுந்து அப்பாவின் பட்டிமன்றத் திறமையைப் புகழ்ந்து பேசினார். அதில் அவரால் வாயடைத்துப்போனவர்களின் பட்டியலும் வந்தது. நான் மதாமின் பக்கம் திரும்பாமல் இருந்தேன்.

பலகை இப்போது எங்கள் மேல்வீட்டு யன்னலில் தொங்குகிறது. குடியிருந்தவர்கள் யூலையில் போகிறார்கள். எழுத்தின் செம்மஞ்சள் மங்கிப்போய்விட்டது. நேற்று நானும் வினாகிரி தொட்டுத் துடைத்தேன், நேராகவே மாட்டினேன். இன்று காலையில் தொலைபேசி மணியடித்தது. ஒரு பெண். பலகையைப் பார்த்தேன் என்றார், பிரெஞ்சில். மதாமின் மேசையில் வருடக்கணக்காகக் கேட்ட அதே உச்சரிப்பு. வீடு இன்னும் காலியாக இருக்கிறதா என்று கேட்டார்.

காலியாகத்தான் இருக்கிறது, பின்னேரம் வந்து பாருங்கள் என்று சொன்னேன். வருவார், வீடும் கொடுப்பேன். ஆனால் அவர் கேட்டதற்கும் நான் சொன்னதற்கும் இடையில் சின்னதாக ஒரு தாமதம் இருந்தது. வாய் திறந்தபடி நான் எதையோ யோசித்த தாமதம். அந்தப் பெண் அதைக் கவனித்திருப்பார். இந்த நகரத்தில் வீடு தேடி அலைகிற அவருக்கு அதைக் கேட்கத் தெரிந்திருக்கும். அப்பா போய்விட்டார். இதை இனி அவர் தலையில் போட முடியாது.